முன்கூட்டிய நன்றி

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரிப் பைக்குள்ளிருந்து ‘டிங்’ என்று சத்தம் வந்தது. புதன்கிழமை கொண்டுவந்து மூலையில் வைத்த பை. யாருக்கும் அதைத் திறக்கத் துணிவில்லை. மகள்தான் எழுந்துபோய், துண்டுக்கும் சீப்புக்கும் அடியில் கைவிட்டு அம்மாவின் போனை எடுத்தாள். படித்தாள். அப்பாவிடம் நீட்டினாள்.

‘கடவுளுக்கு நன்றி. இதய வால்வு ஆபரேஷன் முடிந்து நேற்று என் மனைவி நலமாகக் கண் விழித்தாள்’ என்று தொடங்கியது அன்றைய கடிதம். எழுதியவர் அவரேதான். மனைவி புதன்கிழமை ஆபரேஷன் மேசையிலேயே போய்விட்டாள். நேற்று அடக்கம்.

பேரிங் கடையின் கிடங்கில் அவருக்கு வேலை. ‘தபால்காரர்’ என்பது மனைவி வைத்த பட்டப்பெயர். பதினொரு வருஷமாக, தினம் ஒரு கடிதம், மின்னஞ்சலில், இலவசமாக. மனம் உடைந்தவர்களுக்கு நாலு வரி தெம்பு, ஒரு பிரார்த்தனை. பெற்றுக்கொள்பவர்கள் நாலாயிரத்துச் சொச்சம். பட்டியலில் முதல் முகவரி மனைவியுடையது. கிடங்கு வேலைக்கு நடுவே தினம் எழுத முடியாது என்பதால், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஏழு கடிதத்தையும் எழுதி நேரம் குறித்து வைத்துவிடுவார். இயந்திரம் அது பாட்டுக்கு அனுப்பிவிடும்.

கேட்டது கிடைப்பதற்கு முன்பே நன்றி சொல்லிவிட வேண்டும், அதுதான் நம்பிக்கை என்று வாசகர்களுக்கு ஆயிரம் தடவை எழுதியவர். இந்த முறை அதைத் தானே செய்து காட்டினார். போன ஞாயிறன்று தோளுக்கு மேலாக எட்டிப் படித்த மனைவி சிரித்துவிட்டாள்.

“நான் இன்னும் ஆஸ்பத்திரி வாசப்படியே மிதிக்கல. அதுக்குள்ள ஆபரேஷனையே முடிச்சிட்டீங்களே, தபால்காரரே!”

“நம்பணும்டி.”

“நம்புங்க, வேண்டாங்கல. அனுப்பறத நான் வந்தப்புறம் அனுப்பக் கூடாதா?”

அவர் கேட்கவில்லை. நேரம் குறித்துவிட்டு எழுந்தார். பிறகு அடித்த அடியில் அந்த ஞாபகமே இல்லை.

பத்து மணிக்குள் முந்நூறு பதில்கள் வந்து குவிந்தன. வாழ்த்து, பூப்படம், கைகூப்பிய படம். ‘உங்கள் வீட்டில் விளக்கேற்றியவர் எங்கள் வீட்டையும் மறக்க மாட்டார்’ என்று ஒருவர். எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டே போனவர் ஒன்றில் நின்றார். எழுதியவள் ஒரு தையல்காரி.

‘ஐயா, என் வீட்டுக்காரருக்கும் அதே வால்வு ஆபரேஷன்தான். மாத்திரையிலேயே கொஞ்ச நாள் ஓட்டலாம் என்றும் டாக்டர் சொன்னார். ஒரு மாதமாக முடிவெடுக்க முடியாமல் தவித்தேன். இன்று உங்கள் கடிதம் வந்தது. எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை கையெழுத்துப் போடுகிறேன்.’ கீழே போன் நம்பர்.

“கூப்பிடுங்கப்பா” என்றாள் மகள்.

கூப்பிட்டார். தையல் மெஷின் ஓடி நின்ற சத்தம் கேட்டது.

“ஐயா! நீங்களேவா! அக்கா எப்படி இருக்காங்க? சாப்பிடறாங்களா? அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசலாமா?”

அவர் வாய் திறந்தார். “தூங்கறா” என்று வந்தது.

“தூங்கட்டும், தூங்கட்டும். எழுப்பாதீங்க.”

போனை வைத்தார். மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தூங்கறாங்களா? எழுப்புங்க பார்ப்போம்.”

“உண்மையச் சொன்னா பயந்துபோய் ஆபரேஷனே வேணாம்னுடுவா. அதுலதான் அவ புருஷன் பிழைக்கணும்னு இருந்தா?”

“செத்தா?”

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

“எது நடக்கும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவங்க யோசிக்கட்டும். பொய்யக் கையில குடுத்து யோசிக்கச் சொல்லாதீங்கப்பா. அம்மா சொன்னதையும் கேக்கல நீங்க.”

கடைசி வார்த்தை சரியான இடத்தில் குத்தியது. மறுபடியும் அதே நம்பரை அழுத்தினார். இந்தத் தடவை சுற்றி வளைக்கவில்லை.

“அம்மா, என் சம்சாரம் இறந்துட்டா. புதன்கிழமையே. ஆபரேஷன்லயே.”



“அப்ப இந்தக் கடிதம்?”

“ஞாயித்துக்கிழமை எழுதி வச்சது.”

“தெரியாமலேயா எழுதினீங்க?”

“ஆமா.”

“பதினொரு வருஷமா எல்லாமே இப்படித்தானா?”

பொய் சொல்ல நினைத்திருந்தாலும் அவரிடம் அப்போது சரக்கு இல்லை.

“இப்ப நான் யாரக் கேக்கறது?” என்றாள் தையல்காரி.

“டாக்டரக் கேளும்மா.”

“உங்க டாக்டர் என்ன சொன்னாரு?”

“நூத்துக்கு எழுபது பேர் பிழைப்பாங்கன்னாரு. நான்தான் நூறுன்னு எழுதிட்டேன்.”

அவள் திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். திட்டவில்லை. போன் துண்டிக்கப்பட்டது. அஞ்சு நிமிஷத்தில் பட்டியலிலிருந்து ஒரு முகவரி விலகியதாக அறிவிப்பு வந்தது. யாருடையது என்று அவர் திறந்து பார்க்கவில்லை.

சனிக்கிழமைக்கு ஒரு கடிதம் காத்திருந்தது. ‘இன்று அவள் தானாக எழுந்து நடந்தாள்.’ ஞாயிற்றுக்கு இன்னொன்று. இரண்டையும் அழித்தார். பிறகு பட்டியல் முழுவதற்கும் மூன்று வரி எழுதினார்: அவள் புதன்கிழமை இறந்தாள்; வெள்ளிக்கிழமைக் கடிதம் பொய்; இனி கடிதம் வராது. பிரார்த்தனை எதுவும் சேர்க்கவில்லை. அனுப்பினார். பைக்குள் திரும்பப் போட்டிருந்த மனைவியின் போன் ‘டிங்’ என்றது.

ஆறுதல்கள் வந்து இறங்கின. ‘கலங்காதீர்கள், நன்மைக்கே’ என்று எழுதியிருந்தார் ஒருவர். தபால்காரர் தன் பழைய கடிதம் ஒன்றில் எழுதிய வரி அது, அப்படியே. அப்போது யாருக்காக எழுதினோம் என்று யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை.

திங்கட்கிழமை கிடங்குக்குப் போனார். பேரிங் பெட்டிகளை எண்ணி அடுக்கும்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பத்து ஆனது. பதினொன்று ஆனது. தையல்காரி கையெழுத்துப் போட்டிருப்பாளா, மாட்டாளா? எது நல்லது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. அவள் நம்பர் போனில் இருந்தது. இரண்டு தடவை எடுத்தார், இரண்டு தடவையும் சட்டைப்பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார்.