இரண்டாவது ஆள்

சிறப்புக் குழந்தைகளுக்கான அந்த மையத்தில், தன் மணிக்கட்டைத் தானே கடித்துக்கொள்ளும் ஒரு சிறுமிக்குப் புதிய பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கடிக்கும் பயிற்சியாளர் கையிலிருந்த, 'டிக்'கென்று எண்ணும் கவுண்ட்டரை அழுத்துவாள். அவள் எண்ணுவது சரிதானா என்று பார்க்க, மூலையில் உட்கார்ந்து இன்னொருவர் வேறொரு கவுண்ட்டரில் தனியாக எண்ண வேண்டும். அந்தக் கணக்கை நம்பித்தான் மருத்துவர் மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும். இரண்டாவது ஆளாக இயக்குநர் தன் மனைவியின் தம்பியைக் கொண்டுவந்து போட்டிருந்தார். மையத்தில் எல்லோருக்கும் அவன் 'மச்சான்'.

இருவர் கணக்கும் அச்சு அசலாக ஒத்துப்போனது. இயக்குநருக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஒருநாள் மச்சான் சிறுமிக்கு முதுகைக் காட்டியபடி ஃபோனில் மூழ்கியிருந்தான். சிறுமி கடித்தாள், பயிற்சியாளர் அழுத்தினாள். 'டிக்'. திரும்பாமலே அவனும் அழுத்தினான். பயிற்சியாளருக்குச் சந்தேகம் தட்டியது. குழந்தை சும்மா இருக்கையில் வேண்டுமென்றே ஒருமுறை அழுத்தினாள். மூலையிலிருந்தும் 'டிக்'. 

இயக்குநரிடம் போனாள்.

"சார், அவர் குழந்தையப் பாக்கவே இல்ல. என் சத்தத்தக் கேட்டு அழுத்துறாரு."

"கணக்கு ஒத்துப்போகுதில்ல? அப்புறம் எதுக்கும்மா எண்ணெயில போட்ட கடுகாட்டம் வெடிக்கிற?"

மறுநாள் கவுண்ட்டரைத் தடித்த கைக்குட்டையில் சுற்றிக்கொண்டாள். சத்தமே வரவில்லை. பஞ்சு வைத்த பட்டையை வாய்க்கும் கைக்கும் குறுக்கே வைத்துத் தடுத்தும் சிறுமி கடித்துக்கொண்டே இருந்தாள். மணிக்கட்டில் எச்சிலும் ரத்தமும் கலந்து பளபளத்தன. மூலையில் மச்சான் ஃபோனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"பாப்பா இன்னைக்கு ஒரே சமத்து! ஒண்ணுகூட இல்ல" என்று எழுந்தான்.

பயிற்சியாளரின் கவுண்ட்டரில் பதினேழு.

சிறுமியை அழைத்துப்போக அவளுடைய அப்பா வந்து நின்றார். அவர் எதிரிலேயே பயிற்சியாளர் இரண்டு கவுண்ட்டரையும் இயக்குநரிடம் நீட்டினாள். நடந்ததையும் சொன்னாள்.

இயக்குநர் அசரவில்லை. "இதுல என்ன இருக்கு? ரெண்டையும் கூட்டிப் பாதி போட்டுட்டா முடிஞ்சது."

அப்பா மகளின் கையைத் தூக்கிக் காட்டினார். "எம் பொண்ணு கையில பாதிக் காயம்தான் இருக்கா சார்?"

பதிலுக்குக் காத்திராமல், மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

"வெளியாள் முன்னாடி என் மானத்த வாங்கிட்டியேம்மா!"

"இருந்தாத்தானே சார் வாங்குறதுக்கு?"

அடையாள அட்டையைக் கழற்றி அவர் மேசையில் போட்டாள். அங்கு நடந்ததெல்லாம் வாயில் ஒட்டியிருப்பதுபோல, வாசல் குழாயில் வாயைக் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பினாள்.