முக்கால் டிகிரி

1

இந்தக் கதை பிறந்த காரணத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இலக்கிய தாகமெல்லாம் இல்லை. வெளியூரில், மாநாட்டு மண்டபத்தின் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். உடம்பு கொதிக்கிறது. மேடையேற இன்னும் நாற்பது நிமிடம். சும்மா இருந்தால் பல் தந்தியடிக்கிறது. எழுதினால் கை மட்டும்தான் நடுங்குகிறது.

முதல் தொடக்கம்: "அவர் அந்த நகரத்தில் இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது." (தூறவில்லை. கதைக்கு ஒரு கௌரவம் இருக்கட்டுமே என்று சேர்த்தேன்.)

இரண்டாம் தொடக்கம்: "ஏழு மணி நேரம் ரயிலில் நடுங்கியபடி வந்தவர், மனைவியிடம் போனில்..."

இது நடந்தது.

"உடம்பு எப்படியிருக்கு?"

"ஜம்முன்னு இருக்கு."

"குரல் ஏன் டிரம்முக்குள்ள இருந்து வருது?"

"ரயில் சத்தம்மா."

"ரயில விட்டு இறங்கி ஒரு மணி நேரமாச்சுன்னு இப்பதானே சொன்னீங்க?"

2

கதாநாயகரின் தொழிலைச் சொல்ல வேண்டும். மருத்துவமனைகளுக்குப் போகும் தெர்மாமீட்டர்கள் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்த்து, திருத்தி, சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறவர். வெந்நீர்த் தொட்டியில் எல்லாவற்றையும் ஒரு மூலத் தெர்மாமீட்டரோடு சேர்த்து முக்குவார். அது காட்டுகிற கணக்குக்கு மற்றவற்றைக் கொண்டுவருவார். மூலமே முக்கால் டிகிரி குறைவாகத்தான் காட்டும். ஆகவே முக்காலைக் கூட்டிக்கொள்ள வேண்டும். போன மாதம் ஒருநாள் கூட்டுவதற்குப் பதில் கழித்துவிட்டே

கழித்துவிட்டார்.

விளைவு: அறுநூறு தெர்மாமீட்டர்கள் ஒன்றரை டிகிரி குறைத்துக் காட்டுகின்றன. அத்தனையும் குழந்தைகள் வார்டுகளுக்குப் போய்விட்டன. "காய்ச்சலே இல்லம்மா, தைரியமா கூட்டிட்டுப் போங்க" என்று யாரோ ஒரு நர்ஸ், யாரோ ஒரு தாயிடம் இந்நேரம்

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.)

* "தெரிந்தவுடன் போன் போட்டுச் சொல்ல வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். நானும் நான்கு நாளாக அதையேதான் கேட்கிறேன். எங்கள் ஆய்வக இயக்குநர் "ஆண்டுத் தணிக்கையில சத்தமில்லாம மாத்திக்கலாம்" என்றார். சரி சார் என்று தலையாட்டிவிட்டு, இங்கே படிக்கப்போகும் கட்டுரையில் பதினொன்றாம் பக்கமாக அதைச் சேர்த்தேன். தெர்மாமீட்டர்களை வாங்கிய மருத்துவமனைகளின் ஆட்கள் எல்லோரும் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார்கள். நேரில் எதிர்த்துப் பேச வாய் வராதவனின் வீரம் இப்படித்தான் பக்க எண் போட்டுக்கொண்டு வரும்.

3

இனி 'அவர்' வேண்டாம். நான்தான் என்று உங்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கும்.

காலையில் விடுதி அறையில் காய்ச்சல் பார்த்தேன். பையில் இருந்ததும் அந்த அறுநூறில் ஒன்றுதான். தொண்ணூற்றொன்பது புள்ளி நாலு.

அதை நம்பினால் எனக்குக் காய்ச்சல் இல்லை, மேடைக்குப் போகலாம். போய், அது பொய் சொல்கிறது என்று சொல்ல வேண்டும். நம்பாவிட்டால் ஒன்றரையைக் கூட்டி, நூறு புள்ளி ஒன்பது. போர்வையை இழுத்துப் படுத்துக்கொள்ளலாம். படுத்தால் அது சொல்கிற பொய்யை யாரும் சொல்லப் போவதில்லை. குளியலறைக் கண்ணாடி முன்னால் வாயில் தெர்மாமீட்டரோடு பத்து நிமிடம் நின்றேன். இவ்வளவு துல்லியமாக ஒரு கோழையை நான் அளந்ததே இல்லை.

4

பக்கத்து இருக்கையில் எடைக்கற்களைச் சோதிக்கும் அம்மா ஒருவர். கால் மணி நேரமாக என் நோட்டையே பார்க்கிறார்.

"மேடையில அவர் பேசுறதையா இவ்வளவு எழுதறீங்க? அவர் ஒண்ணுமே சொல்லலையே தம்பி."

"இது வேறங்க. கதை."

"கதையா!" குரலைத் தாழ்த்தினார். "ஏன் இப்படி நடுங்கறீங்க? ஏசியா, பயமா?"

"ரெண்டும்."

தன் சால்வையை எடுத்து என் தோளில் போட்டார். ரோஜாப்பூ போட்டது. மறுக்கத் தெம்பில்லை.

முன்வரிசையிலிருந்து இயக்குநர் செய்தி அனுப்பினார்: "முகமே சரியில்லையே. ரூமுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க. உங்க கட்டுரையை நான் படிச்சிடறேன். பத்துப் பக்கம்தானே?"

மனிதர் கெட்டவர் இல்லை. மாத்திரை வேண்டுமா என்று அடுத்த செய்தி. கெட்டவராக எழுதியிருந்தால் கதை எப்போதோ முடிந்திருக்கும்.

5

முடிவு அ: நான் மயங்கி விழுகிறேன். (வசதி. மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். மூன்று தடவையும் அழகாக விழுந்தேன்.)

முடிவு ஆ: முழங்குகிறேன், மண்டபமே எழுந்து நிற்கிறது. (காய்ச்சல் ஏறிவிட்டது.)

முடிவு இ:

அம்மாவின் விரல் என் மடியிலிருந்த கட்டுரையின் பதினொன்றாம் பக்கத்தில் இறங்கியது. "அறுநூறு தெர்மாமீட்டர்களில் பிழை நேர்ந்துள்ளது." வாய்விட்டுப் படித்தார்.

"தானாவா நேர்ந்துச்சு?"

"ஆபீஸ்ல அப்படித்தாங்க எழுதுவோம்."

"தெரியும். நானும் அப்படித்தான் எழுதுவேன்." விரல் அடுத்த வரிக்கு நகர்ந்தது. "குழந்தைங்க வார்டா தம்பி?"

தலையாட்டினேன். 'நேர்ந்துள்ளது'வை அடித்தேன். இயக்குநர் திரும்பிப் பார்க்கிறார். என்னை அழைத்துவிட்டார்கள்.

நோட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். அவரிடமிருந்து உங்களுக்கு வந்து சேரும். நம் மொழியில் செய்தவன் யாரென்பது வினையின் வாலில்தான் தெரியும். 'க்கப்பட்டது' என்று முடித்தால் ஒருத்தரும் இல்லை. 'த்தேன்' என்று முடித்தால் நான். மேடைக்கு ஏழு படி. முடிவை நீங்களே எழுதிவிடுங்கள்; வாக்கியத்தை அதுவரை கொண்டுவந்து விட்டிருக்கிறேன்:

அந்த அறுநூறுக்கும் தவறாகச் சான்று கொடு