வாசலில் நின்று எடுத்த படம்

அவளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் அவள் கணவன்தான். அவளுடைய புற்றுநோய்ச் சிகிச்சையெல்லாம் முடிந்து, தலையில் முடி திரும்பவும் காதளவு வளர்ந்திருந்த சமயம். "சும்மா உக்காந்திருக்காதீங்க, உடம்ப அசையுங்க" என்று டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, ஒரு பழைய சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போட்டுக் கொண்டுவந்து நிறுத்தினான். சைக்கிள் கடை வைத்திருப்பவன். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டமாகச் சைக்கிளில் கிளம்பும் குழுவுக்கு அவன்தான் தலைவன். எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். சீட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கக் கூடவே ஓடினான். அவள் விழுந்தால் சிரிக்காமல் தூக்கிவிட்டான்.

அப்படி அவன் பின்னால் ஓடி வந்த நாட்களில்தான் அவள் அவனை மன்னித்தாள். ஏனென்றால் கீமோ நடந்த மாதங்களில் அவன் அவள் அறைக்குள் வரவே இல்லை. சோபாவிலேயே படுத்துக்கொண்டான். கடைக்குச் சீக்கிரம் போனான், தாமதமாக வந்தான். வாந்தி எடுக்கையில் நெற்றியைத் தாங்கிப் பிடித்தது, கால் குடைச்சலுக்குத் தேய்த்துவிட்டது, கொத்துக்கொத்தாக முடி உதிர்ந்த அன்று "பாதி எதுக்கு, மொத்தமா ரிப்பேர் பண்ணிடுவோம்" என்று மொட்டையடித்துவிட்டது எல்லாம் அவனுடைய அக்கா, அவள் 'அண்ணி' என்று கூப்பிடுகிறவள். பள்ளிக்கூட வேன் ஓட்டுபவள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டதும் வேனை நேரே இங்கே திருப்பிவிடுவாள்.

'சிலருக்கு நோயைப் பார்க்கிற தெம்பு இருக்காது, அதற்கு என்ன செய்ய?' என்று அவள் மனசை ஆற்றிக்கொண்டாள்.

நோயைப் பற்றி வெளியே யாருக்கும் அவள் சொல்லவில்லை. அவளுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, ஃப்ரேமை மாட்டிவிட்டு, காதோரம் வளைத்துச் சரிசெய்ய வேண்டும். அவ்வளவு கிட்டத்தில் பார்க்கிற கண்களில் 'ஐயோ பாவம்' தெரியக் கூடாது என்பது அவள் பிடிவாதம். மஞ்சள் காமாலை என்று சொல்லி லீவு போட்டாள். டோப்பா வைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினாள். கணவனிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்.

"யாருக்கும் தெரிய வேணாங்க."

"என் வாயிலேர்ந்து வராது" என்றான்.

அந்த வருஷம் புற்றுநோய் மருத்துவமனையில் குழந்தைகளுக்குத் தனி வார்டு கட்ட நிதி திரட்டுவதற்காக அவன் குழு ஒரு நெடுந்தூரப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தது. மூன்று நாள் சைக்கிள் மிதித்துப் போய் மருத்துவமனை வாசலில் முடிக்க வேண்டும். "நீயும் வாயேன். ஏன் வந்தேன்னு யாரு கேக்கப் போறாங்க?" என்றான். அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. தனக்கு வந்ததை யாருக்கும் சொல்லாமலே, அதற்காக ஏதோ செய்த மாதிரி இருக்கும்.

முதல் நாள் நன்றாகப் போனது. மேட்டில் தொடை இரண்டும் பற்றி எரிந்தன. இறக்கத்தில் காற்று சட்டைக்குள் புகுந்து முதுகை உப்ப வைத்தது. மூட்டைமுடிச்சுகளோடு வேன் ஓட்டி வந்த அண்ணி ஒவ்வொரு திருப்பத்திலும் தலையை வெளியே நீட்டி, "வாழைப்பழம் வேணுமா, இல்ல உன்னையே தூக்கி உள்ள போட்டுக்கவா?" என்று கத்தினாள். அவள் சிரித்துக்கொண்டே மிதித்தாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு கல்லூரியில் வரவேற்பு. அரங்கம் நிறைய ஆட்கள். கேப்டன் மேடையேறினான். விளக்குகள் அணைந்து, திரையில் ஒரு படம் விழுந்தது.

அவள்தான்.

மொட்டைத் தலை. புருவம்கூட இல்லை. குளியலறைத் தொட்டியின் மேல் குனிந்து, வாய் பிளந்து, கண் செருகிப்போய் இருந்தாள். நைட்டியின் கழுத்து ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. நெற்றியை ஒரு கை தாங்கியிருந்தது. கைக்குரிய ஆளைக் காணோம், அந்தப் பக்கம் வெட்டப்பட்டிருந்தது. வாசலில் நின்று எடுத்த படம். உள்ளே கால் வைக்க முடியாதவன் வாசல் வரைக்கும் வந்திருக்கிறான், போனை எடுத்திருக்கிறான்.

"இது என் மனைவி" என்று ஆரம்பித்தான். "அந்த மாசங்கள்ல ஒரு நாள்கூட நான் இவளைத் தனியா விட்டதில்ல. ராத்திரியெல்லாம் நெத்தியப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். முடி கொட்டினப்போ இந்தக் கையாலதான் மொட்டையடிச்சு விட்டேன். 'பாதி எதுக்கு, மொத்தமா ரிப்பேர் பண்ணிடுவோம்'னு சொல்லி அவளச் சிரிக்க வெச்சேன்."

படம் எடுத்தவனுடைய கை படத்துக்குள் எப்படி வரும் என்று யாரும் யோசிக்கவில்லை. முன் வரிசையில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"அவ இப்போ எங்கன்னு கேக்கறீங்களா? இதோ, உங்களோடதான் சைக்கிள்ல வந்துக்கிட்டிருக்கா. எழுந்திரும்மா!"

எல்லாத் தலைகளும் திரும்பின. கைதட்டல் ஓயவில்லை. எழுந்தால்தான் ஓயும் போலிருந்தது. எழுந்தாள். கடையில் புது ஃப்ரேமை மாட்டிக்கொண்டவர்கள் தங்கள் பழைய முகத்தைக் கண்ணாடியில் தேடுவதுபோல, அத்தனை பேரும் அவள் முகத்தில் அந்தப் படத்தைத் தேடினார்கள்.

கை கழுவும் இடத்தில் அவனைப் பிடித்தாள்.

"எப்ப எடுத்தீங்க?"

"அதான் தெரியுதே. அப்பத்தான்." அவன் முகம் இன்னும் மேடையின் சந்தோஷத்தில் இருந்தது. "எத்தன பேரு அழுதாங்க பாத்தியா? நாலஞ்சு பொம்பளைங்க வந்து, நாளைக்கே டெஸ்ட் பண்ணிக்கறோம்னு சொல்றாங்க. எல்லாம் நல்ல காரியத்துக்குத்தானே?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா வேணாம்னு சொல்லுவே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. குழாயை மூடினான்.

"நீங்க உள்ளயே வரலையேங்க" என்றாள். குரல் உயரவில்லை. "அதுக்காக நான் ஒரு நாளாவது உங்களக் கேட்டிருப்பேனா? கேக்கவே இல்ல. ஆனா அண்ணி செஞ்சதெல்லாம் உங்களோடதுன்னு எப்படிச் சொல்ல மனசு வந்துச்சு?"

"என்னால பாக்க முடியலடி. அதனால எனக்கு வலிக்கலன்னு ஆயிடுமா?"

"அந்த வலியச் சொல்லியிருக்கலாம். பயந்து ஓடினேன்னு சொல்லியிருக்கலாம். நானே முதல் ஆளா கை தட்டியிருப்பேன்."

அதற்குள் போன் அடித்தது. கண்ணாடிக் கடை முதலாளி. "ஏம்மா, இவ்வளவு பெரிய விஷயத்த மறைச்சிட்டியே! வாட்ஸ்அப்புல வந்த படத்தப் பாத்து என் வீட்டுல ஒரே அழுகை..." அவள் போனை வைத்துவிட்டாள்.

அண்ணி வேனில் பின்சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணியைக் கீழே போடவில்லை, திரும்பவும் இல்லை.

"அண்ணி, உள்ள என்ன நடந்துச்சுன்னு தெரியுமா?"

"கேட்டுச்சு. மைக் வெளியில வரைக்கும் கேட்டுச்சு."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள் அண்ணி. "படம் தெரியாது. சத்தியமா தெரியாது. பேசப் போறத மட்டும் போன வாரம் எழுதி வெச்சுப் படிச்சுக் காட்டினான். 'அக்கா, நீ செஞ்சத நான் செஞ்சதாச் சொல்லிக்கறேன், கோச்சுக்காத'ன்னான். அழுதான். சரி, தம்பிக்கு ஒரு பேரு கெடைச்சா கெடைச்சுட்டுப் போகட்டும், எனக்கென்னன்னு விட்டுட்டேன்."

"உங்களுக்கென்ன, சரி. எனக்கு?"

அண்ணி மேல்தான் அவளுக்கு அதிகம் கோபம் வந்தது. கணவன் வாசலிலேயே நின்றவன். இவள் உள்ளே இருந்தவள்.

மறுநாள் காலை அவள் வேனில் ஏறுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தாள். வழியில் ஒரு பல் டாக்டர் அம்மா பக்கத்தில் வந்து, "உங்களுக்குக் கெடைச்ச மாதிரி ஒரு புருஷன் யாருக்குக் கெடைப்பாரு!" என்றார்.

"மொட்டையடிச்சது அவர் இல்லீங்க. அவரோட அக்கா. வேன் ஓட்டிக்கிட்டு வர்றாங்களே, அவங்க. அவர் அந்த ரூமுக்குள்ளயே வரல."

பல் டாக்டர் மிதிப்பதை நிறுத்திவிட்டார்; சைக்கிள் தானாக உருண்டது. பிறகு வேறொருவர் வந்து பாராட்டினார். அவருக்கும் அதையே சொன்னாள். கோபமாக இல்லை, வழி கேட்டவர்களுக்குச் சொல்வதுபோல. மதியத்துக்குள் வரிசையின் முன்னும் பின்னும் பேச்சு பரவிவிட்டது. கேப்டனோடு சேர்ந்து மிதித்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்தங்கினார்கள்.

மருத்துவமனை வாசலில் மேடை இருந்தது. அவன் ஏறி, நன்றி மட்டும் சொல்லிவிட்டு இறங்கினான். படம் போடவில்லை. மொட்டைத் தலையோடு ஒரு சின்னப் பெண் மாடி ஜன்னலில் நின்று சைக்கிள்களைப் பார்த்துக் கையாட்டினாள். அவளும் கையாட்டினாள். முட்டி வலியையும் மீறி, வந்து சேர்ந்துவிட்டோம் என்ற எண்ணம் அப்போதுதான் அவளுக்கு வந்தது.

திரும்பும்போது சைக்கிள்களை வேன் மேல் கட்டிவிட்டு மூவரும் அதிலேயே வந்தார்கள். பாதி வழியில் அவன் போனை நீட்டினான்.

"அழிச்சிட்டேன், பாரு."

"ஊர்ல இருக்கற எல்லார் போன்லயும் இருக்குங்க."

தங்கை வீடு இருந்த ஊர் வந்ததும் நிறுத்தச் சொன்னாள். அண்ணி இறங்கி வந்து, கயிற்றை அவிழ்த்து, சைக்கிளைக் கீழே இறக்கிக் கொடுத்தாள்.

"எப்ப வருவே?" என்றான் அவன் ஜன்னல் வழியாக.

"தெரியல. வர்றதுன்னா சொல்லிட்டுத்தான் வருவேன்."

அண்ணி மட்டும் ஒரு மாதம் கழித்து, பள்ளிக்கூட விடுமுறையில், தங்கை வீட்டுக்கு வந்தாள். வெகுநேரம் வேனிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தானாக இறங்கட்டும் என்று காத்திருந்தாள். இறங்கி வந்த அண்ணி, "தப்புப் பண்ணிட்டேன்மா" என்றாள். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். இன்னும் கோபம் இருந்தது. இருந்தும், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.