இறக்கையின் மறுபக்கம்

இறக்கையை நெட்டுக்குத்தாக நிறுத்தி, இந்தப் பக்கம் சாலோமியும் அந்தப் பக்கம் அவள் புருஷன் ஞானையாவும் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் வெள்ளைத் துணி.

பாளையங்கோட்டையில் மூடிக்கிடந்த அரிசி ஆலைதான் பட்டறை. இறக்கை, திசையன்விளை குமரவேல் அண்ணாச்சி ஏலத்தில் எடுத்த ‘புஷ்பக்’ என்ற பழைய இரண்டு இருக்கை விமானத்துடையது. அவர் மகள் மதுமதி விமானம் ஓட்டப் படித்திருந்தாள். முதலில் அவள்தான் இதில் பறப்பாள். இற்றுப்போன துணியை உரித்துப் புதிது போர்த்தும் வேலையை, விமான இன்ஜினியராக இருந்து ரிட்டயராகி மோட்டுவளையைப் பார்த்துக் கிடந்த ஞானையாவிடம் ஒப்படைத்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் மனுஷன் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

அவர் நீள ஊசியைத் துணிக்குள் விடுவார். உள்ளிருக்கும் சட்டத்தை ஒட்டி அது இந்தப் பக்கம் தலைகாட்டும். சாலோமி வாங்கி, சட்டத்தின் மறு ஓரமாகத் திருப்பி அனுப்புவாள். அவர் இழுத்து முடிச்சுப் போடுவார். பேச்சு தேவைப்படாத வேலை. அவர்கள் வீட்டிலும் பேச்சு குறைவுதான்.

மூன்றாம் நாள் காலை, அவர் முதுகுப்பக்கத்து ஜன்னலில் வெயில் ஏறியபோது துணியில் அவர் நிழல் விழுந்தது. அந்த நிழலில் ஊசி பிடித்த கை நடுங்கியது. இடக்கையால் அதை அமுக்கிப் பிடித்து, ஓய்ந்தபின் ஊசியை விட்டார். ஊசி தாமதமாக வருவதை, அளவு பார்க்கிறார் என்றே இரண்டு நாளாக நினைத்திருந்தாள்.

மூன்றாவது சட்டத்தின் மேல் விரலை ஓட்டினாள். கடைசி ஐந்து தையல் தொளதொளத்தது. காற்று இழுத்தால் துணி பிய்ந்துகொண்டு போகும். உள்ளே மதுமதி இருப்பாள். சொன்னால் இவர் மறுபடி மோட்டுவளையைப் பார்க்கப் போய்விடுவார்.

மிஷன் பள்ளியில் தையல் டீச்சராக இருந்தவள் அவள். தப்பாகத் தைத்த பிள்ளையை ஏசமாட்டாள். துணிமேல் சின்னக் கத்தரிக்கோலை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். பிரித்துத் தை என்று அர்த்தம். வீட்டில் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.

கத்தரிக்கோலை வெகுநேரம் மடியில் வைத்திருந்தாள். பிறகு இறக்கைக்கு அடியில் மெல்லத் தள்ளிவிட்டாள்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை வந்து அதை எடுத்துக்கொண்டது. தெருவில் லாரி ஒன்று போய், அதன் இரைச்சலும் அடங்கியது.

“எந்த வரிசை, டீச்சர்?”

“மூணாவது. கடைசி அஞ்சு.”

ஐந்து முறை நூல் அறுபடும் ஓசை கேட்டது.

“எப்ப இருந்து இப்படி இருக்கு?” என்றாள்.

“கிறிஸ்மஸுக்கு முன்னாலயே. சொன்னா நீ இங்கன வரவிடமாட்டேன்னு நெனச்சேன்.”

“இந்தப் பக்கம் வாங்க. முடிச்சை நான் போடுதேன். நீங்க ஊசியைத் திருப்பி விட்டாப் போதும்.”

அவர் உடனே எழவில்லை. எழுந்தபோது, அண்ணாச்சியிடம் தானே சொல்லிவிடுவதாகவும், பறக்கலாம் என்று கையெழுத்துப் போடுமுன் இன்னொரு இன்ஜினியரை வரவழைத்துத் தையல் முழுவதையும் பார்க்கச் சொல்வதாகவும் சொன்னார். அவளைக் கடக்கும்போது கத்தரிக்கோலைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“ஒன் முடிச்சு சரியில்லன்னா இது ஒம்பக்கம் வரும், பாத்துக்கோட்டி.”

சாலோமி அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து ஊசியை அனுப்பினாள். அது உடனே திரும்பி வரவில்லை. துணியில் ஓரிடம் லேசாக அதிர்ந்தது. நூலை இழுக்காமல், தளர்த்திப் பிடித்தபடி காத்திருந்தாள்.