கம்பெனி ஊசி

"ஊசிய வெந்நீர்ல அவிக்கத் தெரியுமா உனுக்கு?" என்று கம்பவுண்டர் அப்பாவு முதல் நாள் செங்கம்மாளைக் கேட்டார். அவள் சிரித்துவிட்டாள். திருவள்ளூர் அரிசி மில்லில் பன்னிரண்டு வருஷமாக நெல் அவிப்பவள் அவள்.

"இன்னா சார், நெல்லு மூட்ட மூட்டயா அவிக்கிறவ, இத்தினிக்கூண்டு ஊசிய அவிக்க மாட்டனா?"

பாயில் கிடந்த மகன் தேசப்பனும் அந்த வலியோடு சிரித்தான். இருபத்தொரு வயது. காக்களூரில் தகடு வெட்டும் பிரஸ்ஸில் வேலை. அன்று காலையில்தான் அவனுடைய வலது கையில் மூன்று விரல்களை பிரஸ் நசுக்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் கேஸ் எழுதுவார்கள், இன்ஸ்பெக்டர் வருவார் என்று மேனேஜர் கம்பவுண்டரை வீட்டுக்கே அனுப்பிவிட்டார்.

ஊசி போடாமல் மாத்திரை மட்டும் கொடுக்கிறவரைச் செங்கம்மாள் வைத்தியராகவே மதித்ததில்லை. அப்பாவு காலையிலும் சாயங்காலத்திலும் வந்து வலி மரக்க ஊசி போட்டார். போட்ட கொஞ்ச நேரத்தில் மகனின் நெற்றிச் சுருக்கம் விரிவதைப் பார்த்து அவள் கம்பெனி இருக்கும் திசையைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"டாக்டரு உன் ஊட்டுக்கே வராராமே? கவர்னர் பொண்டாட்டி மாரி இருக்கற போ" என்றாள் மில்லில் கூட நெல் துழாவும் சாராள்.

"உனுக்கு வயித்தெரிச்சல்டி."

இரண்டு மாதத்தில் புண் ஆறியது. அப்பாவு வருவதை நிறுத்தினார். அன்று சாயங்காலமே தேசப்பனுக்கு மூக்கு ஒழுகியது, ஓயாமல் கொட்டாவி வந்தது, உடம்பு முறுக்கியது. மறுநாள் சுவரில் தலையை மோதிக்கொண்டான். செங்கம்மாள் அப்பாவு வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"கம்பெனி மருந்து முடிஞ்சிபோச்சிம்மா. வெளில வாங்கித் தரேன். யாராண்டயும் சொல்லாத."

முதலில் கூலியில் பாதி போனது. பிறகு காதுக் கம்மல். தேசப்பனுக்கு இடது கையால் போட்டுக்கொள்ள வரவில்லை. குத்திக் குத்தி வலது முழங்கை மடிப்பு சீழ் பிடித்தது. "நீயே போட்டுடும்மா" என்று அழுதான். அவள் போடக் கற்றுக்கொண்டாள்.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தால் இந்த ஊசிப் பழக்கத்தை மறக்கடிப்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். கம்பெனியில் அடிபட்டவன் என்று ஒரு காகிதம் வேண்டுமாம். செங்கம்மாள் அதைக் கேட்டு மேனேஜர் முன்னால் நின்றாள். அவர் ரிஜிஸ்தரை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"பாரு, அன்னிக்கி உன் புள்ள லீவு. இங்க எங்க அடிபட்டான்?"

அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் குனிந்து பார்த்தாள்.

"நீங்கதான சார் ஊசி போட ஆள் அனுப்னீங்க?"

"பாவமேன்னு அனுப்பினேன். ஊசிக்கு அலையற பையனுக்கு நான் எப்படிம்மா லெட்டர் குடுப்பேன்?"

அடுத்த வாரம் ஒரு காலையில் ஊசி போட்டும் தேசப்பனுக்கு நடுக்கம் அடங்கவில்லை. மில் சங்கு ஊத இன்னும் கால் மணி நேரம்தான் இருந்தது.

"இன்னொண்ணும் போடும்மா."

"அது சாயங்காலத்துக்குடா நைனா."

"போடு. நீ வர்ற வரிக்கும் தூங்கிக்கினு இருப்பேன்."

முந்தின நாளும் அவள் தாமதம். இன்னொரு தடவை இப்படியானால் வேலைக்கே வராதே என்று மேஸ்திரி சொல்லியிருந்தான். செங்கம்மாள் இரண்டாவதையும் போட்டாள். போர்வையை அவன் தோள்வரை இழுத்துவிட்டு ஓடினாள்.

மத்தியானம் சோற்றுக்கு வந்தபோது அவன் அதே பக்கமாகப் படுத்திருந்தான். உதடு நீலம் பாய்ந்திருந்தது. தொட்டாள். உடம்பு சில்லிட்டுக் கிடந்தது.

மறுநாள் பிணத்தை எடுக்கும் நேரத்துக்குக் கம்பெனியிலிருந்து கலியன் மட்டும் வந்தார். தேசப்பனுக்குப் பிறகு அந்த பிரஸ்ஸில் நின்றவர். நாற்பது வயது, மூன்று பெண்கள். அவருடைய வலது கையில் மணிக்கட்டு வரை துணி சுற்றியிருந்தது. இமைகள் பாதி இறங்கியிருந்தன. இடது முழங்கை மடிப்பில் ஒரு துண்டுப் பஞ்சு ஒட்டியிருந்தது.

செங்கம்மாள் பிணத்தை விட்டு எழுந்து வந்தாள்.

"கலியண்ணா, கம்பவுண்டரு வந்தாரா?"

அவர் கட்டுத் துணியின் முனையை உள்ளே செருகினார்.

"வேணாண்ணா. ஆஸ்பத்திரிக்குப் போ. கேஸு எழுதச் சொல்லு. உனுக்குப் பொண்ணுங்க கீதுங்க."

தெருமுனையில் அவரைக் கொண்டுவந்த கம்பெனி ஜீப் என்ஜினை அணைக்காமல் நின்றிருந்தது. கலியன் ஒருமுறை அந்தப் பக்கம் பார்த்தார். சட்டைக் கையை இறக்கிப் பஞ்சை மூடிக்கொண்டார். தேசப்பனின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தார்.