நாலாவது மூலை

துடைத்துக்கொண்டிருந்த துணியின் நூல் ஒன்று பலகையின் நாலாவது மூலையில் மாட்டிக்கொண்டது. தம்பி அவசரமாக அந்த மூலையைக் கையால் மறைத்தான். முன்னறையில் அக்காவின் உடலைக் கிடத்தியிருந்தார்கள். அவள் கடைசியாகச் செய்த சதுரங்கப் பலகையைப் பக்கத்திலேயே வைக்கவேண்டும் என்று காலையில் அடம்பிடித்ததும் அவன்தான். இப்போது அதை எங்கே ஒளிப்பது என்று முழித்ததும் அவன்தான்.

பலகையின் நாலு மூலையிலும் கறுப்பு மரத்தில் நட்சத்திரங்கள். மூன்றை அக்கா பதித்திருந்தாள். படுக்கையில் விழுந்தபிறகு நாலாவதை அவனிடம் விட்டாள். நட்சத்திரத்தைப் பலகைமேல் வைத்து, கத்திமுனையால் சுற்றிக் கீறி, கீறலைத் தாண்டாமல் குழி தோண்டவேண்டும். அவனோ எந்த வேலையையும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு செய்கிறவன். உளி சறுக்கிவிட்டது. விழுந்த இடைவெளியில் மரத்தூளையும் பசையையும் குழைத்து அப்பி, மழமழவென்று தேய்த்து எடுத்துப்போய்க் காட்டினான்.

"நகம் எங்கயாவது தட்டுதாடா?"

"எங்கயும் தட்டலக்கா. கச்சிதமா உக்காந்துருச்சு."

அக்கா கட்டைவிரல் நகத்தால் மெதுவாக இழுத்துப் பார்த்தாள். "சரி" என்றாள். அவளையே ஏமாற்றிவிட்டோம் என்று அன்று அவனுக்கு உள்ளூரக் குஷி. அதை நினைக்க இப்போது உடம்பு கூசியது. நாலே நாளில் பசை காய்ந்து உள்ளே இறங்கியிருந்தது.

துக்கம் கேட்க வந்த மரக்கடைக்காரர் பலகையைக் கையில் வாங்கினார். கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்தார்.

"இதுல எதுப்பா நீ வச்சது?"

அவன் விரல் தானாகவே அக்கா பதித்த ஒரு மூலைக்குப் போனது.

"அச்சு அசல் அக்கா கைதான்" என்று அவர் அவன் முதுகில் தட்டினார். அவனுக்குத் தலை நிமிரவில்லை.

பின்னால் அக்கா மகள் நின்றிருந்தாள். "மாமா, கொஞ்சம் உள்ள வாங்க" என்றாள். பலகையை வாங்கிக்கொண்டு போனான். பட்டறை அறையில் மடித்த காகிதம் ஒன்றைக் கொடுத்தாள். பிரித்தான். அதில் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்த நாலாவது மூலை, அதன் நடுவே புதிதாக அறுத்த ஒரு கறுப்பு நட்சத்திரம்.

"முந்தாநாள் அம்மா பலகைய மடியில வைக்கச் சொன்னாங்க. காகிதம் போட்டுத் தேச்சுப் பாத்துட்டு, நேத்து மத்தியானம் வரைக்கும் இத அரத்தால ராவிக்கிட்டே இருந்தாங்க. உக்காரவே முடியல அவங்களுக்கு."

"எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"கூப்பிடவான்னு கேட்டேன் மாமா. வேணாம், அவன் வெக்கப்படுவான்னாங்க."

அவள் வெளியே போய்விட்டாள். வாசலில் யாரோ வண்டி வந்துவிட்டதாகச் சொன்னார்கள். அவன் அந்த நட்சத்திரத்தை நாலாவது மூலையின்மேல் வைத்தான். நாலு முனைகள் நேராக இருந்தன. ஐந்தாவது மட்டும் கோணலாகச் சற்று நீண்டு, அவன் உளி சறுக்கிய இடம்வரை போய் அதை மூடியிருந்தது.