அடுத்தவன் கால்

விடியற்காலைக் காவல் முடிந்து துப்பாக்கிகளைச் சாய்த்து வைத்ததும், ஆட்கள் எதிரெதிரே உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார்கள். முதல் உலகப்போரின் ஃபிளாண்டர்ஸ் பதுங்குகுழியில் அந்தக் குளிர்காலத்தின் சட்டம் அது. ஒவ்வொருவனுக்கும் ஜோடியாக இன்னொருவன். ஜோடியின் காலைத் துடைத்து, ஈரம் ஏறாமலிருக்க திமிங்கல எண்ணெய் தேய்த்து, உலர்ந்த காலுறையை மாட்டிவிட வேண்டும். களைத்துப் போனவன் தன் காலை ஏமாற்றுவான், அடுத்தவன் காலை ஏமாற்றமாட்டான் என்று மேலிடத்தில் யாரோ நினைத்திருந்தார்கள். ஒருவன் கால் அழுகினால் இருவருக்குமே விடுப்பு ரத்து.

சைலஸ் ஓக்டனின் ஜோடி ஹெட்லி. சேறு முழங்காலைத் தொட்ட நாட்களிலும் வாய் ஓயாதவன். எண்ணெயை எரிக்கலாம் என்ற யோசனையும் அவனுடையதுதான். விறகெல்லாம் நனைந்து கிடந்தது. பின்னாலிருந்து வரும் தேநீர், குழிகளைக் கடந்து வந்து சேர்வதற்குள் ஆறி, கொண்டுவந்த பழைய பெட்ரோல் டின்னின் வாடையோடு இருக்கும். ஒரு டின் மூடியில் எண்ணெயை ஊற்றி, துப்பாக்கி துடைக்கும் துணியைத் திரியாகப் போட்டால் ஒரு குவளை தேநீர் கொதிக்கும். புகை கண்ணைக் கரிக்கும், மீன் நாற்றம் அடிக்கும். ஆனாலும் சூடு. அந்த ஒரு குவளையை நினைத்துத்தான் இருவரும் இரவுகளைத் தள்ளினார்கள். மிஞ்சிய எண்ணெயைக் காலில் தடவிக்கொண்டார்கள். போகப்போக ஒன்றும் மிஞ்சவில்லை.

அன்று ஹெட்லியின் இடது காலை மடியில் எடுத்து வைத்தபோது அது வேகவைத்த கொழுப்பைப் போல வெளுத்திருந்தது. சைலஸ் கட்டைவிரலால் அழுத்தினான். பள்ளம் விழுந்தது. விழுந்த பள்ளம் மேலே வரவில்லை.

"வலிக்குதா?"

"எது?" என்றான் ஹெட்லி. குழிக்கு மேலே தெரிந்த சாம்பல் நிற வானத்தைப் பார்த்துப் புகைத்துக்கொண்டிருந்தான்.

சைலஸ் நகத்தால் கிள்ளினான்.

"டேய், நான் கிள்றேன்டா."

"கிள்ளு, கிள்ளு. காசா பணமா."

"எவ்வளவு நாளா இப்படி?"

ஹெட்லி குனிந்து குரலைத் தாழ்த்தினான். "கத்தாத. நாளைக்கழிச்சு நீ ஊருக்குக் கிளம்புற. அதுவரைக்கும் பேசாம காலுறையை மாட்டிவிடு. நீ ரயில் ஏறினதும் நான் நொண்ட ஆரம்பிக்கிறேன்."

விடுப்பு என்றதும் சைலஸுக்கு மனைவி லவினியாவின் முகம் நினைவுக்கு வரவில்லை. கட்டில்தான் வந்தது. மடிப்புக் கலையாத விரிப்பு, ஈரமில்லாத தலையணை, கூரை ஒழுகாத ஓர் அறை. அதற்காக வெட்கப்படக்கூட அவனிடம் தெம்பில்லை.

"உன் பொண்டாட்டி கதவைத் திறந்ததும், 'தள்ளிக்கோடி, கட்டில் எங்க'ன்னுதான் கேப்ப நீ," என்றான் ஹெட்லி, மனதைப் படித்தவன்போல.

"விரலெல்லாம் போயிடும்டா."

"போகட்டும். நான் என்ன மேடையேறி ஆடவா போறேன்?"

சைலஸ் துணியை எடுத்தான். காலைத் துடைத்தான். காலுறையை மெதுவாக, ஒரு குழந்தைக்கு மாட்டுவதுபோல மாட்டினான். குழியின் வளைவில் லெப்டினன்ட் ஃபென்விக்கின் தொப்பி தெரிந்தது. பின்னாலேயே கார்ப்பரல் டாட். கால் சோதனை.

லெப்டினன்ட்டின் கண்களுக்குக் கீழே கறுத்திருந்தது. அவரும் தூங்கியிருக்கவில்லை. ஹெட்லி அதிகம் வெளுக்காத வலது காலை முன்னால் நீட்டி, உறை போட்ட இடது காலை அதன் பின்னால் ஒதுக்கிக்கொண்டான். அவர் வலது காலைப் பார்த்தார்.

"எல்லாம் சரிதானே, ஓக்டன்?"

"சரி, சார்."

அவர் அடுத்த ஜோடிக்கு நகர்ந்தார். ஹெட்லி கண்ணடித்தான். சைலஸ் தன் கட்டைவிரலைப் பார்த்தான். அந்தப் பள்ளம் இன்னும் விரல் நுனியிலேயே இருந்தது. வீட்டில் அந்தக் கட்டிலில் படுத்தாலும், வெள்ளை விரிப்பை இழுத்துப் போர்த்தினாலும், விரல் இந்தப் பள்ளத்தைத்தான் தொட்டுக்கொண்டிருக்கும்.

"சார்," என்றான். குரல் யாருடையதோபோல் கேட்டது. "இவனோட இடது காலையும் பாருங்க."

லெப்டினன்ட் திரும்பி வந்து தானே காலுறையை உருவினார். நிறத்தைப் பார்த்ததும் உதட்டைக் கடித்தார். கார்ப்பரல், மணல் மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த கரி பிடித்த மூடியை எடுத்து முகர்ந்தார்.

"எண்ணெய் எங்கடா போச்சு?"

"குடிச்சிட்டோம், கார்ப்பரல்," என்றான் சைலஸ்.

"திமிங்கலத்தையா?"

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு நீளவில்லை.

"உனக்கு விடுப்பு கிடையாது, ஓக்டன். தெரியுமில்ல?" என்றார் லெப்டினன்ட்.

"தெரியும், சார்."

ஸ்ட்ரெச்சர் வர நேரமானது. ஹெட்லி வாயைத் திறக்கவே இல்லை. தூக்கும்போதுதான் பேசினான்.

"உன்னை யாருடா கேட்டா?"

"யாரும் கேக்கல."

"முட்டாப்பயலே. ஆஸ்பத்திரியில கட்டில் குடுப்பாங்க. விரிப்பு போட்டு. உன் கட்டில்ல நான் போய்ப் படுக்கணுமா?"

"நல்லாப் படு. எனக்கும் சேர்த்துத் தூங்கு."

ஹெட்லி முகத்தைத் திருப்பிக்கொண்டான். சேற்றின்மேல் பரப்பியிருந்த பலகைகள் தள்ளாட, ஸ்ட்ரெச்சர் வளைவைத் தாண்டியது. விரல்கள் பிழைத்தனவா என்று சொல்ல யாரும் வரவில்லை.

மறுநாள் காலை எல்லோரும் எதிரெதிரே உட்கார்ந்தபோது சைலஸுக்கு எதிரே வெறும் மண்சுவர் இருந்தது. ஈரம் அதில் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து கார்ப்பரல் டாட் முனகிக்கொண்டே வந்து அங்கே உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார்.

"என்னடா பாக்குற? தேயி."

சைலஸ் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றினான். பனிக்கட்டிபோல் குளிர்ந்தது. கார்ப்பரலின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, சூடு பிறக்கும்வரை தேய்த்தான்.

"யம்மா! மெதுவாடா, வலிக்குது!"

"வலிக்கட்டும், கார்ப்பரல்."

பக்கத்தில் தேநீர் வந்து ஆறிக் கிடந்தது. தேய்த்து முடித்து அதை எடுத்தான். பெட்ரோல் வாடையோடு, ஒரே மடக்கில் குடித்தான்.